முப்பத்தேழு சிவப்பு அம்புகள்

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுத்தான் இந்தக் கதை தொடங்குகிறது. இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. நேரம் உண்மை, எண்ணிக்கை உண்மை, அன்றைக்குக் காற்றடித்த திசையும் உண்மை. நம்பாதவர்கள் எல்கடுவைக்குப் போய், ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே உள்ள கடைசி லயத்து வரிசை வீடுகளில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். அவர்கள் வேறு மாதிரிச் சொன்னால் அவர்களுக்கு ஞாபகமறதி என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த லயத்து இருளாண்டி, தேயிலைத் தோட்டத்துக்கு அம்பு போடுகிறவர். முப்பத்திரண்டு வருடமாக அவருக்கு வேறு வேலை இல்லை. ஒரு கையில் பெயின்ட் டின், மறு கையில் தூரிகை. கல்லிலும் மரத்திலும் மதகிலும் அவர் அம்பு வரைந்து வைப்பதைப் பார்த்துத்தான் சனம் வேலைக்குப் போகும். பச்சை அம்பு இருந்தால் அந்த மலையில் இன்றைக்குக் கொழுந்து எடுக்கலாம். வெள்ளை அம்பு, செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக்கு. சிவப்பு அம்பு என்றால் அந்தப் பக்கம் மருந்து அடித்திருக்கிறது, பதினாலு நாளைக்கு ஆளும் போகக்கூடாது, ஆடும் போகக்கூடாது. நாள் முடிந்ததும் இருளாண்டியே வந்து அந்தச் சிவப்பு அம்பின் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு இழுப்பார். விஷம் இறங்கிவிட்டது, இனிப் போகலாம் என்று அர்த்தம்.

அந்த மலையில் மிருகங்கள்கூட அம்பு படிக்கும். தோட்டத்துத் தொரை வீட்டு நாய் ஒருதரம் சிவப்பு அம்பு போட்ட கல்லுக்குப் பக்கத்தில் போய் ஒரு காலைத் தூக்கியது, அம்பைப் பார்த்தது, காலை இறக்கிவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில் எழுபது பேர் அதைப் பார்த்தார்கள். எழுபத்தொன்று என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்; அது மிகை.

இருளாண்டியின் ஒரே மகள் நிஷாந்திக்குக் கலேவெலையில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் பெயர் துஷாந்த். லேன்ட்மாஸ்டர் என்கிற கை உழவு மெஷின் பழுது பார்க்கிற கராஜ் வைத்திருக்கிறான். பையன் தங்கம். பையனுடைய தாய்மாமன் மாணிக்கவாசகம்தான் கொஞ்சம் கருங்கல். பஞ்சாங்கத்தைத் தலைக்கு வைத்துப் படுக்கிற மனிதர். நிச்சயத்தன்றே சொல்லிவிட்டார்:

“பத்து நாப்பதிலருந்து பதினொண்ணு இருபத்தஞ்சு வரைக்கும் முகூர்த்தம். அதுக்குள்ள தாலி ஏறணும். ஏறலேன்னா நான் வண்டியத் திருப்பிருவேன். மறுநா ஆடி பொறக்குது. அதுக்கப்புறம் இந்தப் பேச்சே வேணாம், வேற எடம் பாத்துக்குவோம்.”

நிஷாந்தி அன்றைக்கு அடுப்படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் சோற்றில் உப்புப் போட்டதா இல்லையா என்று மூன்று தரம் யோசித்து, மூன்று தரமும் போட்டுக்கொண்டிருந்தாள். இருளாண்டி அதையும் சாப்பிட்டுவந்தார்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு வழி தெரியாது. உக்குவளைச் சந்தியிலிருந்து மேலே ஏறுகிற பாதையில் பிரிவுகள் அதிகம். கைபேசியில் கேட்கலாம் என்றால், கடைசி லயத்தில் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தாங்கியின் மேலே ஏறி நின்று இடது கையை உயர்த்தினால் மட்டும் கிடைக்கும், அதுவும் செவ்வாய்க்கிழமைகளில் கிடைக்காது. ஆகவே இருளாண்டி மாணிக்கவாசகத்துக்குச் சொல்லி அனுப்பினார்: “சந்தியிலருந்து வீட்டு வாசல் வரைக்கும் அம்பு போட்டு வைக்கிறேன். அத மட்டும் பாத்துக்கிட்டு வாங்க.”

என்ன நிறம் என்பதில்தான் அவருக்கும் அவர் மனைவி சுந்தரம்மாவுக்கும் சண்டை வந்தது.

“வெள்ளையில போடுறேன். தூரத்திலருந்து தெரியும்” என்றார் இருளாண்டி.

“ஏங்க, ஒங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? வெள்ளைக் கொடி, வெள்ளை அம்பு, எல்லாம் எழவு வீட்டுக்குங்க. கலியாணத்துக்கு வாறவுக ஒப்பாரி வச்சுக்கிட்டே வருவாக.”

“அப்ப பச்ச.”

“பச்ச அம்பு மீராசாஹிப் மொதலாளி கடை மொளகாத்தூளு. உக்குவளையில செவுரு செவுரா பச்ச அம்புதான் அடிச்சு வச்சிருக்காரு. மாப்பிள்ள நேரா கடைக்குப் போயி தூள் வாங்கிக்கிட்டு நிப்பாரு.”

“நீலம்?”

“நீல அம்பு பஸ்ஸு. நிக்கிற எடமெல்லாம் போட்டிருக்கான்.”

“மஞ்ச?”

“ரோடு வெட்டுறவுக மஞ்ச அம்பு போட்டுட்டுப் போயி வருசம் ரெண்டாச்சு. அதப் பாத்து வந்தா குழிக்குள்ளதான் எறங்கணும்.”

மிச்சம் சிவப்பு. குங்குமத்தின் நிறம், கூறைச்சேலையின் நிறம். ஸ்டோரில் பாதி டின் மீதியும் இருந்தது. தோட்டத்தில் சிவப்புக்கு வேறு அர்த்தம் உண்டென்பது இருளாண்டிக்கு நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. கலேவெலை ஆட்களுக்கு அது எங்கே தெரியப்போகிறது என்று அவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

கலியாணத்துக்கு முதல்நாள் மதியம் தொடங்கி, சந்தியிலிருந்து வாசல்வரை முப்பத்தேழு அம்பு போட்டு முடித்தார். ஒவ்வொன்றும் ஆறடி. சந்தியில் போட்டது ஒன்பதடி. அதன் கூர்மையில் இரண்டு லொறியின் டயர் வெடித்தது என்று பேச்சு, ஒன்றுதான் வெடித்தது.

மறுநாள் காலை ஒன்பது மணி. பந்தல் தயார், வாழைமரம் தயார், மாவிலைத் தோரணம் வாசலில் ஆடியது. ஆள்தான் இல்லை. சமைக்க வருவதாகச் சொன்ன பெண்கள் விடியுமுன் இருட்டோடு இருட்டாக வந்து சோறு கறியை இறக்கிவைத்துவிட்டு உடுத்திவரப் போனவர்கள் திரும்பவில்லை. மேளக்காரர் இல்லை. பூசாரி இல்லை. மூன்று லயத்துக்கும் பாக்கு வைத்து அழைத்திருந்தும் ஒரு குஞ்சு குருமான்கூட வரவில்லை.

“என்னாங்க இது? நம்மள ஒதுக்கி வச்சுட்டாகளா?” சுந்தரம்மா வாசலுக்கு வந்து பாதையை எட்டிப் பார்த்தாள்.

உள்ளே கூறைச்சேலையோடு நிஷாந்தி மணையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.  அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் இருளாண்டி பட்டு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பாதையில் இறங்கி ஓடினார்.

லயத்துக்கு வருகிற பாதை வளைகிற முடக்கில் நூற்றைம்பது பேர் நின்றார்கள். எல்லாரும் பட்டு உடுத்தியிருந்தார்கள். பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தார்கள். மேளக்காரர் நாகமுத்து தவிலின் இரண்டு பக்கத்தையும் துணியால் மூடிவைத்திருந்தார். எல்லாருக்கும் முன்னால், மதகில், முப்பத்தாறாவது சிவப்பு அம்பு.

“ஏன் நாகமுத்தண்ணே, இங்கேயே நிக்கிறீங்க?”

“எப்பிடிப்பா வாறது? செவப்பு போட்டிருக்கே! மருந்து வாட குப்புனு அடிக்குது.”

“அது நான் போட்டதுண்ணே. மாப்பிள்ளைக்கு வழி காட்ட.”

“நீ போட்டதுதானேப்பா எப்பவும். பதினாலு நாளைக்குப் போகக்கூடாதுன்னு நீதானே படிச்சுப் படிச்சுச் சொன்ன? பூசாரியப் பாரு, ரெண்டு தரம் வாந்தி எடுத்துட்டாரு.”

பூசாரி ஒரு கல்லில் சாய்ந்து கண் சொருகிக் கிடந்தார். மதகுக்கு மேலே வேலிக்கம்பியில் உட்கார்ந்திருந்த காகம் ஒன்று, இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மயங்கிக் கீழே விழுந்தது.

“மருந்தும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! வெறும் பெயின்ட்டு!” என்று இருளாண்டி கத்தினார். ஒருவரும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் அவர் கையால் பழக்கிய சனம். அவருடைய வாயை நம்பவில்லை, அம்பைத்தான் நம்பினார்கள்.

வாயால் ஆகாதென்று புரிந்தது. இருளாண்டி நாகமுத்துவின் மடியிலிருந்த வெற்றிலைப் பையைப் பிடுங்கினார். சுண்ணாம்பை விரலில் வழித்து, அம்பின் குறுக்கே கோணல்மாணலாக ஒரு கோடு இழுத்தார்.

முந்தானைகள் இறங்கின. நூற்றைம்பது பேரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்ததில் பக்கத்துத் தேயிலைச் செடிகள் சாய்ந்து நிமிர்ந்தன.

“ஆகா! வாட போயிருச்சுல்ல!” என்றார் நாகமுத்து. பூசாரி எழுந்து விபூதியைத் தட்டிக்கொண்டார். காகம் பறந்துபோனது. வாசலில் இருந்த கடைசி அம்புக்கும் ஒரு கோடு விழ, தவில் முழங்கக் கூட்டம் கலியாண வீட்டுக்குள் நுழைந்தபோது, இருளாண்டிக்குப் பாதி உயிர் வந்தது. மற்றப் பாதி கலேவெலையிலிருந்து வர வேண்டும். மணி ஒன்பதே முக்கால்.

அப்போது கீழே பாதை வளைவில் ஆரவாரம் கேட்டது. “வந்துட்டாக! வந்துட்டாக!” என்று சுந்தரம்மா ஆரத்தித் தட்டோடு ஓடிவந்தாள்.

வந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். நாற்பத்து மூன்று சைக்கிளில் வந்தார்கள். தொடையோடு ஒட்டிய கறுப்புக் காற்சட்டை, தலையில் கவிழ்த்த தொப்பி, நெஞ்சில் சிவப்பு அம்பு. முன்னால் வந்தவன் தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டே பந்தலுக்குள் புகுந்து, மாவிலைத் தோரணத்தை நெஞ்சால் அறுத்துக்கொண்டு போய், இரண்டு கையையும் மேலே தூக்கி, வாழைமரத்தில் மோதி நின்றான்.

“அல்ஹம்துலில்லாஹ்! நான்தானே பர்ஸ்ட்?” என்றான்.

“மாப்பிள்ள வீட்டு ஆளுக இப்பிடியா உடுத்திக்கிட்டு வருவாக?” என்று முணுமுணுத்தபடியே சுந்தரம்மா அவனுக்கு ஆரத்தி சுற்றி, நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டாள். அடுத்தவனுக்கும் வைத்தாள். பழக்க தோஷத்தில் நாற்பத்து மூன்று பேருக்கும் வைத்து முடித்துவிட்டுத்தான் ஏதோ சரியில்லை என்று நிமிர்ந்தாள்.

முதலில் வந்தவன் பெயர் அகீல். உக்குவளை ‘சிவப்பு அம்பு’ சைக்கிள் கழகத்தின் நட்சத்திரம். அன்றைக்கு அவர்களுடைய வருடாந்தப் போட்டி. உக்குவளைச் சந்தியில் தொடங்கி மாத்தளை டவுனைச் சுற்றி மறுபடி சந்திக்கு. மொத்தம் மூன்று சுற்று. பாதையெல்லாம் கழகத்துக்காரர்கள் சிவப்பு அம்பு போட்டிருந்தார்கள்.

“சந்தியில ரெண்டு அம்பு ஈந்திச்சி ஐயா. ஒண்டு சின்னது, நேரா. ஒண்டு ஒம்பதடி, மேல. கொடி காட்டுற மனுசன் பிளேன்டீ குடிக்கப் பெய்த்தாரு. பெரியதத்தான் நாங்க நம்பினம். இந்த வருசம் போட்டி கஷ்டமா வெச்சீக்காங்கன்டு நெனச்சி மிதிச்சம்.” அகீல் மூச்சு வாங்கினான். “சும்மா சொல்லப்படாது ஐயா, அம்பு நல்லா போட்டீக்கீங்க.”

இருளாண்டி அவன் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்தார். “தம்பி, வழியில பூ கட்டின வேன் ஒண்ணப் பாத்தீங்களா?”

“ஓ, எங்களுக்குப் பின்னால வந்திச்சே. நாங்க மேல திரும்பக்குள்ள கொடிக்காரரு பிளேன்டீ கிளாஸோட ஓடிவந்து, அதுக்குக் கொடி காட்டி நேரா அனுப்பினாரு.”

கணக்கு இருளாண்டிக்கு உடனே விளங்கிவிட்டது. போட்டிக்காரர்கள் கலியாணத்துக்கு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை போட்டியில் ஓடிக்கொண்டிருக்கிறார்.

“தம்பி, எறக்கத்துல எம்புட்டு நேரத்துல போவீங்க?”

அகீல் வாசலைப் பார்த்தான். கூறைச்சேலை உடுத்திய பெண் ஒருத்தி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சைக்கிளைத் திருப்பினான். “சைக்கிள் கம்பியில குந்துங்க ஐயா” என்றான்.

அந்த இறக்கத்தைப் பற்றிக் கூட்டிச் சொல்வது பாவம். உள்ளதை மட்டும் சொல்வதானால், மூன்றாவது முடக்கில் நீல அம்பு பஸ்ஸை முந்தினார்கள். கண்டக்டர் ஜன்னலால் தலையை நீட்டி, “ஐயா எங்க எறங்குறீங்க?” என்று கேட்டார். ஏழாவது முடக்கில் அவர்களுடைய நிழல் பின்தங்கிவிட்டது. இவர்கள் உக்குவளைச் சந்திக்கு வந்து, இறங்கி, வேட்டியைச் சரிசெய்த பிறகுதான் அது வந்து காலோடு ஒட்டிக்கொண்டது.

சந்தியில் பெரும் சனக்கூட்டம். மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கழகத் தலைவர் மீராசாஹிப் முதலாளி நின்றார். பச்சை அம்பு மிளகாய்த்தூள்காரர் அவர்தான். முகம் வெளிறியிருந்தது.

“அன்பான பொதுமக்களே! மூணாவது சுற்று முடியப் போகுது! முதலாவதா வந்துகொண்டிருக்கிறது...” கண்ணை இடுக்கிப் பார்த்தார். குரல் தாழ்ந்தது. “அதே வேன்தான்.”

பூமாலை சுற்றிய வேன் வெள்ளைக் கோட்டைக் கடந்தது. சனம் கைதட்டியது. வேறு என்ன செய்வது? காலையிலிருந்து அவர்கள் பார்த்த ஒரே பந்தயக்காரன் அந்த வேன்தான். வெற்றிக் கிண்ணத்தை யாருக்காவது கொடுத்தாக வேண்டும் என்பதால் மீராசாஹிப் முதலாளி ஜன்னலால் அதை உள்ளே கொடுத்தார்.

இருளாண்டி வேனுக்கு முன்னால் போய் விழாக்குறையாக நின்றார். முன்சீட்டில் மாணிக்கவாசகம். மடியில் கிண்ணம், காலடியில் வாழைப்பழத் தோல். இனித் திட்டு விழும் என்று இருளாண்டி கண்ணை மூடினார்.

“சம்பந்தி!” என்றார் மாணிக்கவாசகம். கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “எத்தனையோ கலியாணம் பாத்துட்டேன். இப்பிடி ஒரு மாப்பிள்ள அழைப்பு பாத்ததில்ல. ஊர மூணு சுத்து! ரெண்டு பக்கமும் சனம்! தண்ணி குடுக்குறாங்க, பழம் குடுக்குறாங்க. ஒருத்தர் பின்னாலேயே ஓடியாந்து மாப்பிள்ள தலையில தண்ணி ஊத்திட்டுப் போறாரு. எங்க கலேவெலயில இந்த மரியாத கெடையாதுங்க.”

பின்சீட்டில் துஷாந்த் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தான். அவன் இருளாண்டியைப் பார்த்த பார்வையில், தனக்கு எல்லாம் தெரியும், ஆனால் சொல்லமாட்டேன் என்று இருந்தது. பையன் தங்கம் என்று முன்னாலேயே சொல்லியாயிற்று.

“இங்கிட்டு வழக்கம்ங்க” என்றார் இருளாண்டி.

மீராசாஹிப் முதலாளி மேடையிலிருந்து இறங்கிவந்து அவர் தோளைப் பிடித்தார். “இருளாண்டி, ஏன்ட நாப்பத்து மூணு புள்ளைகளும் எங்க?”

“எங்க வீட்டுல சாப்புட்டுக்கிட்டு இருப்பாங்க மொதலாளி. சைவச் சாப்பாடுதான்.”

“அல்லாஹ்வே, ஒரு எடத்துல ஈக்காங்களே, அது போதும்.” முதலாளி நெஞ்சைத் தடவிக்கொண்டார். “எத்தின மணிக்குத் தாலி?”

“பதினொண்ணு இருவத்தஞ்சுக்குள்ள.”

மணி பத்தரை தாண்டியிருந்தது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் முதலாளி ஏறிக்கொண்டு, “வழி விடுங்கொ! வழி விடுங்கொ! போட்டி முடியல்ல!” என்று கத்திக்கொண்டு முன்னால் போக, வேன் பின்னால் ஏறியது. நடுவில் அகீல். ஏற்றத்திலும் அவன்தான் முன்னால் போனான், மரியாதைக்காக அவ்வப்போது நின்று.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, முப்பத்தாறாவது அம்பு வரை.

“நிப்பாட்டு!” என்றார் மாணிக்கவாசகம். “சம்பந்தி, இதென்ன? அம்புல குறுக்கால கோடு கீறி வச்சிருக்கு? கலியாணம் வேணாம்னு யாராச்சும் அழிச்சு வச்சிருக்காங்களா? சகுனம் சரியில்லயே.”

டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். மணி பதினொன்று பத்து. இருளாண்டிக்குப் பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. வாழ்க்கையில் அன்றைக்குத்தான் அப்படி நடந்தது. உண்மையைச் சொல்லிவிட்டார்.

“அந்தக் கோட்டுக்கு, இந்தப் பக்கம் வெசம் இல்லேன்னு அர்த்தங்க.”

வேனுக்குள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மாணிக்கவாசகம் கோட்டைப் பார்த்தார். இருளாண்டியைப் பார்த்தார். தலையை மெல்ல ஆட்டினார்.

“எத்தனையோ எடத்துல சம்பந்தம் பேசியிருக்கேன் சம்பந்தி. ஒருத்தரும் இப்பிடி வெளிப்படையா எழுதிப் போட்டதில்ல. எடு வண்டிய.”

இறங்கினார்கள். ஆரத்திக்குச் சுந்தரம்மாவிடம் மஞ்சள்நீர் மிச்சம் இல்லை, எல்லாம் சைக்கிள்காரர்களுக்கே முடிந்துவிட்டது. வெறும் தட்டைச் சுற்றினாள். நாகமுத்து தவிலில் பிளந்துகட்டினார். நிஷாந்தி மணையில் வந்து உட்கார்ந்தாள். ஈரத் தலையோடு துஷாந்த் உட்கார்ந்தான். அவள் தன் முந்தானை நுனியை அவன் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். அவன் யாரும் பார்க்காதபோது அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நூற்றைம்பது பேர் பார்த்தார்கள்.

பூசாரி தாலியை எடுத்துக்கொண்டு, “நேரம் இருக்குங்களா?” என்று கேட்டார்.

மாணிக்கவாசகம் இடது கையைத் திருப்பினார். அந்தக் கடிகாரத்தில் பதினொன்று இருபத்தெட்டு.  சுந்தரம்மா தூணைப் பிடித்தாள்.

மாணிக்கவாசகம் மணையில் இருந்தவர்களைப் பார்த்தார். நெற்றியில் பொட்டோடு பந்தியில் வடையைக் கையில் பிடித்தபடி எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த நாற்பத்து மூன்று பேரைப் பார்த்தார். மைக்கை அணைக்க மறந்து, ஊருக்கே கேட்கும்படி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மீராசாஹிப் முதலாளியைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

“இது நேத்திலருந்து ஆறு நிமிசம் முன்னாலதான் ஓடுது. கட்டுங்க.”

கெட்டிமேளம். மீராசாஹிப் முதலாளி மைக்கில், “முதலாம் இடம் மாப்பிள்ள! முதலாம் இடம் பொண்ணு!” என்று அறிவித்தார். போட்ட அட்சதையில் பாதி அரிசி, பாதி சைக்கிள்காரர்கள் கைக்குக் கிடைத்த பூந்தி.

இருளாண்டி பந்தலுக்குப் பின்னால் போய், ஓர் அரிசி மூட்டையில் உட்கார்ந்து, காலையிலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டார். நீண்ட மூச்சு. ஏழாம் நம்பர் மலையில் இரண்டு ஏக்கர் தூரத்துக்குப் பனி விலகியது. சுந்தரம்மா ஒரு கிளாஸ் பிளேன்டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

“குடிங்க. மொகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு.”

“வெளுக்கலடி. செவப்பு எறங்குது” என்றார் இருளாண்டி. சுந்தரம்மா சிரித்துக்கொண்டே அவர் தோளில் ஓர் இடி இடித்துவிட்டு, பந்தி பார்க்கப் போனாள்.

கற்பூரம் அடித்ததற்காக இதையும் சொல்லிவிட வேண்டும்: எல்கடுவை இருளாண்டிக்கு இன்றுவரை கலியாணமே ஆகவில்லை, மகளும் கிடையாது.